கவர்னர் விட்டுவிட்டுப் போன நிழல்

"அந்த ஆளோட நிழல்ல போய் நீ நின்னேன்னு என் காதுல விழுந்துச்சு, ஆல்மீடா, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதே."

"நின்னா என்ன? ஊரே நிக்குது. ரெம்பெல் வீட்டுக்காரங்க நிக்கிறாங்க, பாதிரியார் நிக்கிறாரு. நீ மட்டும் என்ன, வானத்துல இருந்து குதிச்சவனா?"

"பாதிரியாருக்குப் பன்னியெல்லாம் செத்துப்போச்சு. நமக்கு என்ன கேடு? பீப்பா நிறைய மாவு இருக்கு."

"பீப்பா நிறைய மாவாம்! போய்க் கையை விட்டுப் பாரேன் வெர்ல். விடு. முழங்கை வரைக்கும் விடு!"

புருஷன் பெண்டாட்டியின் இந்தச் சண்டையை மேற்குப் பக்கத்துப் பண்ணை வீடுகள் எல்லாம் கேட்டன. அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் டெலிபோன் என்பது முள்வேலிக் கம்பியிலேயே ஓடியது. ஒரே கம்பிதான், எல்லா வீட்டுக்கும் பொது. ஆல்மீடா க்ரிக்ஸ்பி பேசி முடித்துவிட்டு ரிசீவரைக் கொக்கியில் மாட்ட மறந்திருந்தாள். அடுத்த பண்ணை ஹல்டா ரெம்பெல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அடுப்பில் வேகிற பீன்ஸையும் மறந்து, கடைசி வரைக்கும் கேட்டாள். கவர்னர் டோர்சி புல்லார்ட் தன்னுடைய நிழலை ஆர்டெல் ஊர்க் கோர்ட் புல்தரையில் விட்டுவிட்டுப் போய் அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

கவர்னர் வந்தது முப்பத்திநாலாம் வருஷம், ஆகஸ்ட். மழை பொய்த்து மூன்றாவது கோடை. உழுத மண் எழுந்து அடுத்த மாநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சர்க்கார் ஆட்கள் வந்து எங்கள் மாடுகளை விலைக்கு எடுத்து, நிற்க முடியாதவற்றைப் பள்ளத்தில் சுட்டுத் தள்ளிவிட்டு, மிச்சத்தை ரயிலேற்றிக்கொண்டு போனார்கள். அந்த இறைச்சியை டின்னில் அடைத்து, மாவோடும் பீன்ஸோடும் சேர்த்து, நிவாரணமாகத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. டின்கள் மாநிலத் தலைநகரம் வரைக்கும் வந்து நின்றுவிட்டன. மூட்டையில் வாஷிங்டன் சர்க்காரின் பெயரைப் போடுவதா, கவர்னரின் பெயரைப் போடுவதா, கொடுக்கிற ஆபீசில் யாருடைய ஆட்கள் உட்காருவது என்று அங்கே ஒரு சண்டை. அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. கவர்னர் ரயிலில் வந்து இறங்கி, கோர்ட் புல்தரையில் ஒரு வண்டிமேல் ஏறி, தொப்பியோடு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பேசினார். "இன்னைக்கு இந்தப் புல்தரையில நின்னு என் பேச்சைக் கேக்குற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிவாரணம் கைக்கு வந்து சேர்ற வரைக்கும், என் மக்களே, நான் இந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்!" இதையே அவர் வழியில் இருந்த எல்லா ஊர்களிலும் சொல்லியிருந்தார். எங்கள் மண் மட்டும் ஏன் அதை நம்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருஷம் எங்கள் மண்ணுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று நினைக்கிறோம்.

அன்றைக்கு ஆல்மீடாவும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். வெர்ல் வரவில்லை. வோட்டுக் கேட்க வருகிறவனை வேடிக்கை பார்க்க வேலையில்லாதவன்தான் போவான் என்று சொல்லிவிட்டான். வேலை அவனுக்கும் இருக்கவில்லை என்பதை அவள் சொல்லிக் காட்டவில்லை. அவள் பக்கத்தில் கூரையில் மெத்தை கட்டிய ஒரு கார் வந்து நின்றது. கலிபோர்னியா போகிற குடும்பம். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கைக்குழந்தையோடு இறங்கிய பெண், குதிரைத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது குழந்தையை ஆல்மீடாவிடம் கொடுத்தாள். மூக்கு உடைந்த நீல எனாமல் ஜக்கு. அவள் ஜக்கை நிரப்பிவிட்டு, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, கவர்னர் பேசி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டாள், எல்லாரும் கை தட்டியபோது அவளும் தட்டினாள். அதற்குள் குழந்தை ஆல்மீடாவின் கழுத்துப் பட்டியில் இருந்த எலும்புப் பொத்தானைப் பிய்த்துக் கையில் இறுக்கிக்கொண்டது. பிடுங்கினால் அழும் போலிருந்தது. போனால் போகிறது என்று விட்டாள். கார் மேற்கே போயிற்று.

கவர்னரும் நாலு மணி ரயிலில் போய்விட்டார். நிழல் போகவில்லை. தொப்பியும் தூக்கிய கையுமாக, சாயங்கால நீளத்துக்கு, புல்தரையின் குறுக்கே அப்படியே கிடந்தது. சூரியன் சுற்றியபோது அது சுற்றவில்லை. நடுப்பகலில் குறுகவில்லை. வாரப் பத்திரிகையில் கோதுமை விலைக்குக் கீழே, சர்ச் சாப்பாட்டு அறிவிப்புக்கு மேலே, மூன்று வரியில் செய்தி வந்தது: கவர்னரின் நிழல் கோர்ட் வாசலில் இருக்கிறது, சொந்தக்காரர் வந்து பெற்றுக்கொள்ளலாம். மரம் என்று சொல்ல ஒன்றுகூட மிஞ்சாத ஊரில் அது நல்ல நிழல். உள்ளே கால் வைத்தால் கிணற்றடி மாதிரிக் குளிர்ந்தது. புழுதிக் காற்று அதன் விளிம்பு வரைக்கும் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் மாதிரி மண்ணை வெளியிலேயே உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. கொஞ்ச நாளில் தொப்பி இருந்த இடத்தில் பச்சைப் புல் முளைத்தது. கோர்ட் கட்டடத்திலேயே நிவாரண ஆபீஸ் திறந்தபோது வரிசை தானாகவே நிழலுக்குள் நின்றது, காலில் தொடங்கி, இடுப்பு, தோள், தூக்கிய கையின் விரல் நுனி வரைக்கும்.

தலைநகரத்தில் கவர்னருக்கு விஷயம் பதவியேற்பு அன்றுதான் தெரிந்தது. படம் பிடிக்கிறவன் மூன்று முறை பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், படிக்கட்டுல எல்லாரும் நிக்கிறாங்க, நீங்க மட்டும் ஒட்டி வச்ச மாதிரி இருக்கீங்க" என்றான். அதற்குப் பிறகு அவர் ஆபீஸில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு வேலை பார்த்தார். நாளாக ஆக எடை குறைந்தது. காற்றடிக்கும் நாட்களில் கோட்டுப் பையில் எதையாவது கனமாகப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு தடவை மாநிலப் போலீஸை மண்வெட்டிகளோடு எங்கள் ஊருக்கு அனுப்பினார். அவர்கள் நிழல் கிடந்த புல்தரையை அழகாகச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். லாரி புறப்பட்டதும் பார்த்தால் நிழல் குழிக்குள் கிடந்தது. ஊர்க்காரர்கள் புல்லைத் திரும்ப வாங்கி விரித்தார்கள். போலீஸ்காரர்களை நிழலுக்குள் உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

ஆனால் ஒன்று தெரிய வந்தது. முதல் குடும்பம் நிவாரண டின்னை வாங்கிக்கொண்டு படியிறங்கிய அன்று, நிழலின் தொப்பி விளிம்பு தரையை விட்டு எழுந்தது. அடுத்தடுத்த குடும்பங்கள் வாங்க வாங்க, தொப்பி, முகம், தோள் என்று ஒவ்வொரு பக்கமாக விட்டுக்கொண்டே வந்தது. கொடியில் காய்கிற போர்வை மாதிரி காற்றில் படபடத்தது. வசந்தம் வந்தபோது இடது குதிகால் மட்டும்தான் தரையில் ஒட்டியிருந்தது. ஊரில் யார் இன்னும் வாங்கவில்லை என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். வெர்ல் க்ரிக்ஸ்பிதான்.

குடும்பத் தலைவன் கையெழுத்துப் போட்டால்தான் நிவாரணம். வாங்காமல் போனதற்குப் பாதிக் காரணம் வெர்லின் வீறாப்பு. மீதி ஆல்மீடா செய்த காரியம். அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் பசிக்கிறது என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. தூரத்தில் யாராவது வருகிற புழுதி தெரிந்தால் வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவார்கள். வீட்டைப் பெருக்கினால் தினமும் ஒரு வாளி மண் வரும். ஆல்மீடா அந்த மண்ணை மாவுப் பீப்பாயில் கொட்டி, மேலே ஒரு துணி விரித்து, துணிமேல் ஒரு விரல்கடை மாவைப் பரப்பி வைத்திருந்தாள். முட்டை விற்ற காசில் மேல் மாவை மட்டும் நிரப்பிக்கொள்வாள். அதிலிருந்துதான் ரொட்டி. கூட உப்பில் போட்ட முள்செடித் தழை, கிடைத்தால் முயல். பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்ட வைத்த பீப்பாய் அது. நிவாரண ஆபீஸிலிருந்து மிஸ் லெனோரா டீக் வீடு பார்க்க வந்தபோதும் அதே பீப்பாய்தான் அங்கே இருந்தது. அவள் மூடியைத் திறந்தாள், பார்த்தாள், "உங்களுக்கு ஒண்ணும் தேவைப்படாது போலிருக்கே, மிஸஸ் க்ரிக்ஸ்பி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த நேரத்தில் துணியைத் தூக்கிக் காட்ட ஆல்மீடாவின் கை எழவில்லை. ராத்திரியெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். வெர்ல் அடுக்களைப் பக்கம் போகிறவன் இல்லை. அவனும் அந்த மாவை நம்பினான்.

இப்போது அவன் கையை விட்டான். துணி கிழிந்தது. முழங்கை வரைக்கும் போன கை மண்ணோடு வெளியே வந்தது. பீப்பாயிலிருந்து எழுந்த புழுதி அவன் முகத்தில் அடித்தது. டெலிபோனில் காத்திருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு பேச்சே கேட்கவில்லை, இருமல்தான் கேட்டது. ஏப்ரலில் வானத்தையே மூடிக்கொண்டு வந்த கறுப்புப் புழுதியை அவன் நெஞ்சு ஏற்கெனவே பாதி விழுங்கியிருந்தது. நெஞ்சில் மிச்ச இடமும் இப்போது நிறைந்தது. இருமி முடித்ததும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "வா, கையெழுத்துப் போடறேன்" என்று மட்டும் சொன்னான். பெண் பிள்ளைகள் இரண்டையும் ஹல்டாவிடம் விட்டுவிட்டு இருவரும் ஊருக்கு நடந்தார்கள். கோர்ட் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் முகம் நீலமாகி அவன் சாய்ந்தான். சாய்ந்தது நிழலுக்குள். அங்கே கிடந்து ஒரு மூச்சு இழுத்தான். அது உள்ளே போயிற்று. இன்னொன்று இழுத்தான், அதுவும் போயிற்று. வெளியே தூக்கினால் மறுபடி நீலமானான். டாக்டர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, இவரை இங்கிருந்து நகர்த்தாதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மிஸ் டீக் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள். பீப்பாய் விஷயம் கம்பி வழியாக அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவள் கண் சிவந்திருந்தது. ஆல்மீடா புருஷனின் விரல்களுக்கு நடுவில் பென்சிலை வைத்து, தாளைப் பிடித்துக்கொண்டாள். பல மாதமாக அவள் கேட்டு நின்ற கையெழுத்து. அப்போது காற்று அடித்தது. தலைக்கு மேல் நிழல் முழுக்கத் தரையை விட்டு எழுந்து உப்பி, ஒற்றைக் குதிகாலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு படபடத்தது. ஆல்மீடா அந்தக் குதிகாலைப் பார்த்தாள். வெர்லின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பென்சிலைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"என்னடி பண்றே? மாசக்கணக்கா இதுக்குத்தானே என் உசுரை வாங்கினே?"

"ஆமா. இப்ப வேணாங்கிறேன். பேசாம படு."

"பொண்ணுங்களுக்கு என்னத்தை வடிச்சுக் கொட்டுவே? மண்ணையா?"

இதற்குப் பதிலை ஹல்டா ரெம்பெல் கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பாதிரியார் வந்தாலும் சரி, புதிதாக ஒரு குடும்பம் குடி வந்தாலும் சரி, ஊரில் ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒன்றில் ஒரு பவுண்டு எடை கொண்டு போய்க் கொடுக்கும். மாவு, வெண்ணெய், காபி, எதுவானாலும். அதைத் தர்மம் என்று யாரும் சொல்வதில்லை. ரோஷக்காரன்கூட வாங்கிக்கொள்வான். அன்று சாயங்காலமே ஹல்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புல்தரையில் நின்று அறிவித்தாள்: க்ரிக்ஸ்பி குடும்பம் நிழலுக்குக் குடி வந்திருக்கிறது.

"அவங்க இந்த ஊர்லயே பொறந்தவங்களாச்சே" என்றாள் மிஸ் டீக்.

"ஊருக்குப் பழசு. இந்த வீட்டுக்குப் புதுசு."

"நீங்க கொண்டு வந்திருக்கிற மாவு நிவாரண மாவுதானே, மிஸஸ் ரெம்பெல்? அப்ப அது நிவாரணம் ஆகாதா?"

"என் கைக்கு வந்துட்டா அது என் மாவு. அதை நான் பன்னிக்குப் போடுவேன், பக்கத்து வீட்டுக்காரிக்குப் போடுவேன். உங்க ஆபீஸுக்கு என்ன வந்துச்சு?"

எல்லாரும் நிழலைப் பார்த்தார்கள். குதிகால் அசையவில்லை. ஆக நிழலும் இதை ஒத்துக்கொண்டது என்று தெரிந்தது. மிஸ் டீக் ஆபீஸைப் பூட்டிவிட்டு, அறைக்குப் போய், தன் சொந்தச் சர்க்கரையில் ஒரு பவுண்டு கொண்டு வந்து வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் க்ரிக்ஸ்பி குடும்பம் புதிதாகக் குடி வந்தது. நிழலின் இடுப்பிலிருந்து இரண்டடி கிழக்கே கட்டிலை நகர்த்துவார்கள். அடுத்த மாதம் தோளுக்கு. ஊர் ஒவ்வொரு தடவையும் பவுண்டு கொண்டு வந்து வரவேற்றது. ஆல்மீடா அங்கேயே அடுப்பு மூட்டினாள், கொடி கட்டித் துணி உலர்த்தினாள். பெண் பிள்ளைகள் நிழலின் உள்ளங்கையில் படுத்துத் தூங்கினார்கள். கோர்ட்டுக்கு வழக்கு நடத்த வருகிறவர்கள் அவர்களை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

முப்பத்தாறாம் வருஷம் அக்டோபரில் கவர்னர் நேரில் வந்தார். மறுபடி தேர்தல். எதிர்க் கட்சிக்காரன் ஊர் ஊராகப் போய், "கூடவே பொறந்த நிழலே இவரோட நிக்கலையே, நீங்க ஏன் நிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். வெயிலில் பேச முடியாமல், மழை மேகமும் கிடைக்காமல், புல்லார்ட் தோற்றுக்கொண்டிருந்தார். திரை போட்ட காரில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு லாரி நிறைய மாவு, டின்கள், போர்வைகள், ஒரு ஜோடி மாடு. கையில் சாலை வேலைக்கு மேஸ்திரி உத்தரவு.

"மிஸ்டர் க்ரிக்ஸ்பி, இதெல்லாம் உங்களுக்கு. வேணாம்னா ஒரே ஒரு டின்னு மட்டும் வாங்கிக்குங்க. ஒரு கையெழுத்து. என் நிழலை என்னோட விட்டுருங்க."

வெர்ல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "முதல்ல நான் வேணாம்னேன், இவ வேணும்னா. இப்ப நான் வேணும்ங்கிறேன், இவ வேணாம்ங்கிறா. எங்க வீட்டு நெலமை இதான், சார். நீங்க அவகிட்டப் பேசிக்குங்க." பிறகு ஆல்மீடாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "குடுத்துருவோம்டி. மாடு நிக்குது பாரு. எத்தனை நாளைக்கு ஊர்ச் சோறு? நான் போனா நீயாவது வீட்டுக்குப் போலாம்."

ஆல்மீடா அந்த மாடுகளைப் பார்த்தாள். நல்ல மாடுகள். ஒன்றின் மடி கனத்திருந்தது. அவள் இரண்டு வருஷமாகப் பாலைக் கண்ணால் பார்க்கவில்லை. கொண்டையிலிருந்த பென்சிலை உருவினாள். வெர்ல் கையை நீட்டினான். அவள் அதை இரண்டாக ஒடித்து அடுப்பில் போட்டாள்.

"இந்த நிழலை எடுத்துட்டுப் போனீங்கன்னா நாளைக்கு விடியும்போது இவன் இருக்க மாட்டான். எடுக்காம போனா உங்க பதவி இருக்காது. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க கவர்னர், நான் கேட்டுக்கிறேன்."

கவர்னர் வெயிலில் நின்றிருந்தார். காலடியில் ஒன்றும் இல்லாமல், வெளுத்துப்போன புல் மட்டும். காற்று அவரை ஒரு பக்கமாகத் தள்ளியது. ஆல்மீடாவுக்கு என்னவோ போல் ஆயிற்று.

"வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க. உங்களோடதுதானே."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கதவு இருக்கிற மாதிரிக் குனிந்து, உள்ளே வந்தார். குதிகால் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தூக்கம் என்று பிறகு சொன்னார். எழுந்தபோது ஆல்மீடா ஒரு தட்டில் ரொட்டியும் பீன்ஸும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். தேர்தலில் தோற்றார். அடுத்த ஜனவரியில் இரண்டு பெட்டிகளோடு ரயிலில் வந்து இறங்கி, கோர்ட்டுக்கு எதிரில் இருந்த ஹோட்டல் மாடியில் அறை எடுத்தார். ஒவ்வொரு மாதமும் தன் பங்குக்கு ஒரு பவுண்டு காபி கொண்டு வந்து கொடுத்தார். மத்தியானங்களில் வெர்லோடு புள்ளி போட்ட டோமினோக் கட்டைகளை வைத்து ஆடினார். வெர்ல் ஏமாற்றி ஆடுவான், கவர்னர் அதைவிட ஏமாற்றுவார், இரண்டு பேரும் கத்துகிற சத்தத்தில் ஜட்ஜ் ஜன்னலைச் சாத்தச் சொல்லுவார்.

மழை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் செருப்பு நனைகிற அளவுக்கு, பிறகு வயல் நனைகிற அளவுக்கு. மண் தரையில் படுக்கக் கற்றுக்கொண்டது. வெர்ல் நிழலுக்கு வெளியே ஒரு காலை வைத்துப் பார்த்தான், பிறகு இரண்டு காலையும், பிறகு தெருக்கோடி வரைக்கும். நாற்பத்தொன்றில் ஒரு நாள் காற்றுக்கு எதிராகப் பண்ணை வரைக்கும் நடந்துபோய், இருமாமல் திரும்பி வந்தான். நிவாரண ஆபீஸை மூடப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. ஆல்மீடாதான், "இப்பப் போய்ப் போடு" என்று புதுப் பென்சில் வாங்கிக் கொடுத்தாள்.

நிழலை வழியனுப்ப ஊரே வந்தது. பாண்டு வாசித்தார்கள். ஹல்டா அழுதாள், அழவில்லை என்றும் சொன்னாள். கவர்னர் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு குதிகாலில் பாதத்தைச் சரியாகப் பொருத்தி நின்றார். வெர்ல் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு, ஒரு டின் மாட்டிறைச்சியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான். நிழல் உப்பியது, இழுத்தது, படபடத்தது. குதிகால் விடவில்லை. பாண்டு இரண்டாவது தடவையும் வாசித்து ஓய்ந்தது. கவர்னர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இன்னும் யாரு?" என்று கேட்டார். வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாரும் வாங்கியிருந்தார்கள்.

ஆல்மீடாவின் கை தானாகக் கழுத்துப் பட்டிக்குப் போனது. அங்கே வேறு நிறத்தில் ஒரு பொத்தான் தைத்திருந்தது. "தண்ணி பிடிக்க ஒருத்தி வந்தாளே" என்றாள். "நீல ஜக்கு. அவளும் நின்னு கேட்டா. கைகூடத் தட்டினா."

கவர்னர் முகம் மாறியது. "அவங்க இந்த மாநிலத்துக்காரங்க இல்லம்மா. ஒரு வருஷமாவது இங்க குடியிருந்தவங்களுக்குத்தான் நிவாரணம். அப்படின்னு நான்தான் உத்தரவு போட்டேன்."

"பேசும்போது நீங்க அப்படிச் சொல்லலையே."

"இல்ல" என்றார் அவர். "சொல்லல."

மிஸ் டீக் ஆபீஸைப் பூட்டுவதற்கு முன் கடைசி டின் ஒன்றை அந்தப் பெண்ணுக்காக ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு புல்லார்ட் ஒவ்வொரு குளிர்காலமும் கலிபோர்னியா போனார். ஆரஞ்சுத் தோப்புகளிலும் பருத்திக் காடுகளிலும், நிழல் இல்லாத ஒரு கிழவர், நீல ஜக்கு வைத்திருந்த ஒரு பெண்ணைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு போவாராம். அங்கே பலருக்கு அவரைத் தெரியும். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. வசந்தத்தில் திரும்பி வந்து, கோட்டைத் தட்டிவிட்டு, தன் நிழலுக்குள் உட்கார்ந்து டோமினோவைக் குலுக்குவார். ஐம்பத்திரண்டில் அங்கேயே, ஆட்டத்துக்கு நடுவில், இறந்தார். அவரை எங்கள் கல்லறையில்தான் வைத்திருக்கிறோம். சவப்பெட்டிக்கு நிழல் விழுந்தது. வெர்ல் அதற்குப் பிறகு இருபது வருஷம் நன்றாக மூச்சு விட்டு வாழ்ந்தான். ஆல்மீடா தொண்ணூறைத் தாண்டியும் ஜன்னலில் இருந்த டின்னைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், இப்போது அதைத்தான் செய்கிறோம்.

நிழல் இன்றும் இருக்கிறது. சனிக்கிழமைச் சந்தையில் தக்காளி விற்கிறவர்கள் அதில்தான் கடை போடுகிறார்கள். கார் நிறுத்தக் கோடு போட்டபோது அதைச் சுற்றித்தான் போட்டார்கள். காற்று நாளில் எழுந்து படபடக்கும், தொப்பி அறுந்துகொள்கிற மாதிரி இழுக்கும், குதிகால் விடாது. யாரும் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை.

முப்பத்திநாலு ஆகஸ்டில் ஆர்டெல் வழியாகக் கலிபோர்னியா போன குடும்பம் உங்களுடையதாக இருக்கலாம். கயிறு கட்டிய கார்க்கதவு, மூக்கு உடைந்த நீல ஜக்கு என்று உங்கள் வீட்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கலாம். உங்கள் அம்மாவின் தையல் டப்பாவில் எதோடும் ஜோடி சேராத ஒரு எலும்புப் பொத்தான் கிடக்கலாம். அப்படியிருந்தால் தயவு செய்து எங்களுக்குப் பதில் எழுதுங்கள். நிழலை அனுப்பிவிட எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. டின் பத்திரமாக இருக்கிறது. வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் குழந்தை அன்றைக்கு ராத்திரி ஏதாவது சாப்பிட்டதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.